ஹோபர்ன் விருந்தும் ஓட்ஸ் பாலும்

1891 ஜூன். சட்டப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த மோகன்தாஸ் காந்திக்கு அப்போது இருபத்தொரு வயது. லண்டனில் தன்னோடு பழகிய சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுத்துவிட்டுப் புறப்பட நினைத்தார். நகரில் சைவ உணவகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றிலேயே பந்தியை முடித்திருக்கலாம். அவரோ ஹோபர்ன் ரெஸ்டாரண்ட் என்ற பெரிய அசைவ உணவகத்துக்குப் போனார். துளியும் இறைச்சி கலக்காமல் ஒரு விருந்து சமைத்துத் தர முடியுமா என்று அதன் மேலாளரிடம் கேட்டார். சைவ விருந்து சைவக் கடையில் மட்டும்தான் நடக்க வேண்டுமா என்ன என்பது அவர் யோசனை.

மேலாளர் ஒப்புக்கொண்டார். வந்தவர்கள் மகிழ்ந்து சாப்பிட்டார்கள். விருந்து கொடுத்தவர் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. பேச எழுந்தவருக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் நா எழவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த நகைச்சுவைத் துணுக்கு பாதியிலேயே அறுந்துபோனது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இதையெல்லாம் சுயசரிதையில் அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

பேச்சு தோற்றது. ஆனால் மேலாளரிடம் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. நம் சாப்பாடு அடுத்தவர் கடையிலும் கிடைக்குமா? லண்டன் அதற்கு முழுப் பதில் சொல்லி முடிக்க ஏறக்குறைய நூற்றிமுப்பது ஆண்டுகள் ஆயின. அந்தப் பதிலோடு, யாரும் எதிர்பார்க்காத வேறொரு கேள்வியும் வந்து சேர்ந்தது.

தேடல்

1888இல் லண்டன் வந்து இறங்கிய காந்திக்கு முதல் சில வாரங்கள் பசியோடுதான் கழிந்தன. மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வீட்டுக்காரம்மா வெட்டி வைக்கும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு மேல் கேட்க விடாத கூச்சம் மறுபக்கம். சைவக் கடை எங்கேயாவது இருக்கும் என்று வீட்டுக்காரம்மா சொன்னதை நம்பி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். வழியில் மலிவான கடையில் நுழைந்து ரொட்டியாக வயிறு நிரப்பிக்கொண்டு மறுபடியும் நடந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அந்தக் கடை கண்ணில் பட்டது. வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்குப் புத்தகங்கள். ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவுக்கான வாதநூல் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்கிறார்.

கடை கிடைத்ததும் கவலை தீர்ந்துவிடவில்லை. அங்கேயே பல பண்டங்களில் முட்டை இருந்தது. புட்டிங்கிலும் கேக்கிலும் என்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அது பெரிய தண்டனை. தீவிரம் கூடக்கூட அவர் சாப்பிடக்கூடிய பண்டங்களின் பட்டியல் சுருங்கிக்கொண்டே போனது.

இன்றைய லண்டனில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வாய் திறக்கவே வேண்டாம். பொதிந்த உணவின் உறையில் பாலும் முட்டையும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது சட்டம். கடையிலேயே செய்து பொதிந்து அடுக்கும் சாண்ட்விச்சுக்கும் 2021 அக்டோபரிலிருந்து அது பொருந்தும். ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து உள்ளவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. பாலையும் முட்டையையும் விலக்கும் வீகன்கள் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். கூடவே வீகன் சொசைட்டி 1990இல் கொண்டுவந்த சூரியகாந்தி முத்திரை பிஸ்கட்டிலிருந்து ஷாம்பூ வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து மைல் நடை போய், பத்து விநாடி உறையைத் திருப்பிப் பார்ப்பதாகிவிட்டது.

பால்

காந்தி தேடியது சைவச் சாப்பாடு. அதில் பால் உண்டு. நம் ஊரிலும் அப்படித்தான். சைவம் என்று சொன்னால் தயிர்சாதமும் நெய்யும் வாழை இலைக்குத் தாமாக வந்துவிடும். பாலையும் விலக்கியவர்களுக்குத் தமிழில் ‘நனிசைவம்’ என்ற சொல் எழுத்தில் புழங்கத் தொடங்கியிருக்கிறது. பேச்சில் வீகன்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லும் ஒரு பிணக்கையொட்டிப் பிறந்ததுதான். டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர் லெஸ்டர் நகரில் இருந்தார். கன்றைப் பிரிக்காமல் பால் வியாபாரம் நடக்காது, பாலுக்கும் கசாப்புக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்பது அவரும் நண்பர்களும் சொன்ன நியாயம். தங்களைப் போன்றவர்களுக்குச் சைவச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு பகுதி ஒதுக்கக் கேட்டார்கள். சங்கம் மறுத்துவிட்டது. 1944 நவம்பரில் ஹோபர்னில் அட்டிக் கிளப் என்ற இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடி, தனிச் சங்கம் கண்டார்கள். காந்தி விருந்து கொடுத்த அதே வட்டாரம். ஜெர்மானியரின் வி-2 ஏவுகணைகள் லண்டன்மேல் விழுந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ரேஷன் காலம் வேறு. இறைச்சிப் பங்கு வேண்டாம் என்று பதிவு செய்த சைவர்களுக்குப் பதிலாக அரசு கொடுத்ததே கூடுதல் பாலாடைக்கட்டிதான். அதையும் வேண்டாம் என்றவர்களை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்!

பெயர் வைப்பதிலும் கொஞ்சம் அல்லாட்டம். டெய்ரிபேன், விட்டன், பெனிவோர் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில் ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து ‘வீகன்’ ஆக்கினார் வாட்சன். முதல் செய்தி மடலை இரண்டு பென்னி விலையில் வெளியிட்டார்.

பெயர் கிடைத்த பிறகும் பால் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் வாழ்க்கையில் தேநீரிலிருந்து பாலை எடுப்பது, நம் வீட்டுக் காலைக் காபியிலிருந்து எடுப்பது மாதிரிதான். தாவரப் பால் செய்து பார்க்க 1956இல் தனியாக ஒரு சங்கமே அமைத்தார்கள். ஒன்பது ஆண்டு முயற்சிக்குப் பின் 1965இல் ‘பிளாமில்’ என்ற சோயா பால் விற்பனைக்கு வந்தது. தொடக்க காலத்தில் உடம்பும் சிலரைச் சோதித்தது. வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டதே 1948இல்தான். தாவர உணவில் அது நம்பும்படியாகக் கிடைக்காது, தனியாகச் சேர்த்தாக வேண்டும் என்பது தெரிவதற்குள் தளர்ந்துபோனவர்கள் உண்டு. இன்றைக்கு அந்தப் பாடம் பால் டப்பாவின் முதுகில் ஒரு வரியாக அச்சாகியிருக்கிறது.

காந்தியும் பாலோடு மல்லுக்கட்டியவர்தான். தென்னாப்பிரிக்காவில் 1912இல் பால் விட்டார். பிறகு கடும் நோயில் படுத்தபோது, தான் விரதம் எடுத்தது பசுவையும் எருமையையும் நினைத்துத்தானே என்ற சமாதானத்தில் ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கினார். சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்டேன் என்ற உறுத்தல் அவரை விடவேயில்லை. 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் வந்தபோது சைவச் சங்கத்தார் அவரை அழைத்துப் பேசச் சொன்னார்கள். எண்பது வயது ஹென்றி சால்ட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஒரு ஷில்லிங் புத்தகத்தின் ஆசிரியரும் வாசகரும் ஒரே மேடையில். உடல்நலத்துக்காக மட்டும் சைவமாக இருப்பவர்கள் வழுக்கி விழுவார்கள், அறம்தான் அடித்தளமாக நிற்கும் என்பது அன்று காந்தி பேசியதன் சாரம்.

இப்போது லண்டனின் எந்தத் தெருமுனைக் காபிக்கடைக்குப் போனாலும் ‘என்ன பால்?’ என்பது முதல் கேள்வி. ஓட்ஸ், சோயா, பாதாம், தேங்காய். வீகன்கள் அல்லாதவர்களே ஓட்ஸ் பால் கேட்கிறார்கள். நுரை நன்றாக வருகிறது, வயிற்றுக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான் காரணம். அட்டிக் கிளப்பில் கூடியவர்கள் அறத்தின் பேரில் கேட்டது ருசியின் பேரில் கிடைத்திருக்கிறது. காந்தி உயிரோடிருந்தால் அந்தப் பாலை எடுத்துக்கொண்டிருப்பார். கூடவே கொஞ்சம் யோசித்தும் இருப்பார்.

கூட்டம்

சாப்பாட்டைவிடக் கூட்டம்தான் அன்று முக்கியம். காந்தி தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவச் சங்கம் தொடங்கினார். பக்கத்தில் குடியிருந்த கவிஞர் எட்வின் ஆர்னால்டைத் துணைத் தலைவராக்கினார், சைவ நண்பர் டாக்டர் ஓல்ட்ஃபீல்டைத் தலைவராக்கினார், தான் செயலாளராக உட்கார்ந்தார். அந்தக் காலத்துக் கூட்டங்களில் சொற்பொழிவு, விவாதம், தீர்மானம் எல்லாம் உண்டு. சைவ உணவால் உயிர் தரிக்க முடியும் என்று நிரூபிப்பதே பாதி வேலை. ஊர் கேலி செய்யும்போது தன்னைப் போல் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது மீதி வேலை. உணவக மேசைகளே படிப்பகங்களாக இருந்தன. ஒரு பிடி அவரைக்காயோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கிடைக்கும்.

1961இல் கார்னபி தெருவில் கிராங்க்ஸ் என்ற சைவ உணவகம் திறந்தபோது, ‘கிறுக்கர்கள்’ என்று ஊர் வைத்த பட்டப்பெயரையே கடைக்கும் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கேலியை முந்திக்கொண்டு சிரித்த தலைமுறை அது. 1994இல் வீகன் சொசைட்டியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி நவம்பர் 1 உலக வீகன் தினமானது. 2014 ஜனவரியில், புத்தாண்டு உறுதிமொழி எடுக்கும் ஆங்கிலேயரின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரே ஒரு மாதம் இருந்து பாருங்கள்’ என்று வீகனுவரி என்ற இயக்கம் வந்தது. முதல் ஆண்டு பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 3,300 பேர். எட்டே ஆண்டுகளில் அது ஆறு லட்சத்தைத் தாண்டியது. 2019 ஜனவரியில் கிரெக்ஸ் என்ற சாதாரண ரொட்டிக்கடைச் சங்கிலி வீகன் சாசேஜ் ரோல் போட்டபோது தொலைக்காட்சியில் சண்டையே நடந்தது. சண்டை பெரிதாகப் பெரிதாக, கடை வாசலில் வரிசையும் நீண்டது. 2020 ஜனவரியில், அறத்தின்பாற்பட்ட வீகன் வாழ்க்கை என்பது சட்டம் காக்க வேண்டிய ஒரு கொள்கை நம்பிக்கைதான் என்று வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஒன்று சொன்னது. கிறுக்கு என்று தொடங்கியது கொள்கையாகி உட்கார்ந்துவிட்டது.

இன்றைய கூட்டங்களில் தீர்மானம் இல்லை, மேடைகூட அவசியமில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் ஓட்டத்தில், கறுப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட பனியன்கள் கண்ணில் படும். அவர்கள் வீகன் ரன்னர்ஸ். ‘புரதத்துக்கு என்ன செய்வாய்?’ என்ற பழைய கேள்விக்கு அவர்கள் வாயால் பதில் சொல்வதில்லை, முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். மதியம் எங்கேயாவது ஒரு வீகன் சந்தை. சில ஆண்டுகளுக்கு முன் பிரிக் லேன் பக்கம் பாட்டும் கூத்துமாக ஓர் இரவுச் சந்தையும் நடந்தது. 2018இல் ஹாக்னியின் ஹோமர்ட்டன் பகுதியில் ஸ்பிரெட் ஈகிள் என்ற பழைய பப் முழுக்க வீகனாக மாறித் திறந்தது. பப் என்பது ஆங்கிலேயனின் திண்ணை. அந்தத் திண்ணைக்கே வந்த பிறகு வீகனை விருந்தாளி என்று சொல்ல முடியாது.

சந்தைத் தட்டில் இருப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தை ஓடவிட்டால் மிஞ்சும் ரப்பர் போன்ற புரதம்தான் செய்ட்டான். அதை மசாலாவில் ஊறவைத்துப் பொரித்துக் கோழி மாதிரி தருகிறார்கள். பிஞ்சுப் பலாக்காயை வேகவைத்து நாராகக் கிழித்து, புகைமணமான சாற்றில் புரட்டிப் பன்றிக்கறிக்கு ஈடாக வைக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் மளிகைக்கடைகளில் அதே பலாக்காய் டின்னை நம்மவர்கள் பல காலமாகக் கறிக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டை வெண்கரு போல நுரைக்க அடித்து இனிப்பு செய்யலாம் என்பது 2010களின் நடுவில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சுண்டல் வடித்த தண்ணீரை ரசத்தில் விடும் நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால், அதை அடித்து நுரை பண்ணுவானேன் என்பார்கள்.

இந்தச் சந்தைகளில் யாரும் யாரையும் மாற்றப் பார்ப்பதில்லை. வேலை, வாடகை, நாய்க்குட்டி, அடுத்த வாரம் எங்கே என்றுதான் பேச்சு. வீட்டில் தனியாக வீகனாக இருப்பவர்களுக்கு, தட்டில் என்ன இருக்கிறது என்று விளக்கம் சொல்ல வேண்டாத ஒரு மதியப்பொழுதுதான் பெரிய விருந்து.

நம்மவர் அடுப்பு

லண்டன் தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்தவர்கள், இந்தக் கதைக்குள் பக்கவாட்டு வாசல் வழியாக வந்தவர்கள். அவர்களிடம் வீகன் என்ற சொல் இருக்கவில்லை, ‘மரக்கறி’ இருந்தது. கோயில் கொடியேறினால், வெள்ளிக்கிழமை வந்தால், கந்தசஷ்டி வந்தால் வீடு மரக்கறிக்கு மாறும். யாழ்ப்பாணத்துச் சமையலில் பசும்பாலைவிடத் தேங்காய்ப்பாலுக்குத்தான் ஆட்சி. இடியப்பமும் சொதியும், பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் எந்த முத்திரையும் இல்லாமலே வீகன்.

டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு சாப்பாட்டுக்கடையில் இப்படி ஓர் உரையாடல் காதில் விழலாம்.

“அண்ணை, இந்தச் சம்பலில மாசிக்கருவாடு போட்டிருக்கோ?”

“இல்லைத் தங்கச்சி, அது மரக்கறிதான்.”

“பால், நெய்?”

“ஒண்டும் இல்லை. தேங்காய்ப்பால் மட்டும்தான். நீங்கள் வீகனோ?”

அண்ணைக்கு அந்தச் சொல் இப்போது நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரர் வந்து கேட்கிறார்கள், சொந்தப் பேத்தியும் கேட்கிறாள்.

பேத்தி கேட்கும் இடத்தில்தான் சிக்கல். லண்டனின் முருகன் கோயில்களிலும் பிள்ளையார் கோயில்களிலும் அபிஷேகத்துக்குப் பால் குடம் குடமாக வரும். சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ‘அம்மம்மா, எனக்குப் பொங்கல் வேண்டாம்’ என்றால் அது சாப்பாட்டை மறுப்பதாகப் படாது, பிரசாதத்தை மறுப்பதாகவே படும். அம்மம்மா முகம் வாடும். சில வீடுகளில் தைப்பொங்கலுக்கு இரண்டு பானை. ஒன்றில் பசும்பால், ஒன்றில் தேங்காய்ப்பால். பொங்கி வழியும்போது இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

காலியாகும் மேசை

ஹோபர்ன் மேலாளரிடம் காந்தி கேட்டது இன்று கிடைத்துவிட்டது. பிரெஞ்சுச் சமையலைப் பால் இல்லாமல் நினைக்க முடியாது என்ற காலம் போய், சோஹோவில் கோத்தியே என்ற பிரெஞ்சு உணவகம் 2021இல் முழு வீகனாக மாறியது. 2025 பிப்ரவரியில், பிளேட்ஸ் என்ற கிழக்கு லண்டன் உணவகம் பிரிட்டனில் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் வீகன் உணவகமானது. இவை உச்சியில் நடந்தவை. கீழே, சாதாரணப் பப்பிலும் பீட்சாக் கடையிலும் ஒரு வீகன் வரி இல்லாத பட்டியலைப் பார்ப்பது அரிது.

அதே 2025இல்தான், கார்ப் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டன் பணம் போட்டிருந்த நீட் பர்கர் என்ற வீகன் கடைச் சங்கிலி தன் லண்டன் கடைகளை மூடியது. அதற்கு முன்னும் பின்னும் முழு வீகன் கடைகள் பல மூடின. வாடகை, மின்கட்டணம், விலைவாசி ஆகியவை எல்லாக் கடைகளையும் அடித்தன. வீகன் கடைக்கு மட்டும் கூடுதலாக ஓர் அடி விழுந்தது. ஆறு பேர் கொண்ட நண்பர் கூட்டத்தில் ஒருவர் வீகன் என்றால், முன்பெல்லாம் அந்த ஒருவருக்காக ஆறு பேரும் வீகன் கடைக்கு வந்தார்கள். இப்போது ஆறு பேரும் அவரவர் விரும்பும் கடைக்குப் போகிறார்கள், அந்த ஒருவருக்கும் அங்கே தட்டு இருக்கிறது. அடுத்தவர் கடையில் இடம் கிடைத்ததும் சொந்தக் கடையில் நாற்காலி காலியானது. விருந்தை ஹோபர்னுக்குக் கொண்டுபோனவர், தனக்கு முதன்முதலில் வயிறாரச் சோறிட்ட ஃபாரிங்டன் தெருக் கடையை அன்று ஒரு மாலைக்கு விட்டுவிட்டுத்தான் போனார். அந்த ஒரு மாலை இப்போது தினமும் நடக்கிறது.

எல்லா இடத்திலும் கிடைக்கும் சாப்பாட்டுக்காக யாரும் தனியாகக் கூட வேண்டியதில்லை. அப்படியும் வீகன் சந்தை கூடுகிறது. முன்பு சாப்பாட்டைத் தேடிப் போய் நட்பைக் கண்டார்கள். இன்று நட்பைத் தேடிப் போகிறார்கள், சாப்பாடு கூட வருகிறது. கடையின் வரவுசெலவுப் புத்தகத்தில் இந்த மாற்றம் நட்டமாகத்தான் எழுதப்படும்.

பேஸ்வாட்டரில் காந்தி தொடங்கிய அந்தச் சங்கமும் நிலைக்கவில்லை. அடிக்கடி வீடு மாற்றும் வழக்கப்படி அவர் வேறு பகுதிக்குப் போக, சில மாதங்களிலேயே கலைந்துவிட்டது. ஆள் சேர்த்ததும், செயலாளராக உட்கார்ந்ததும் வீண்தானா? ஒரு நிறுவனத்தை அமைக்கவும் நடத்தவும் தனக்குக் கிடைத்த முதல் சிறு பயிற்சி அதுதான் என்று சுயசரிதையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். விடைவிருந்தில் நாலு வாக்கியம் பேச முடியாமல் உட்கார்ந்தவர், அந்தப் பயிற்சியோடுதான் கப்பலேறினார்.